ஈ பறந்ததால் பிறந்ததா கிராஃப்? எக்ஸ், ஒய் அச்சுகளுக்குப் பின்னால் இருக்கும் டெகார்ட்டின் கதை

இந்தச் செய்தியைப் படிக்க உங்கள் மொபைல் திரையில் விரலை வைத்தீர்கள் அல்லவா? அந்த நொடியில் போன் ஒரு கணக்கு போட்டது. திரையின் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு தூரம், மேலிருந்து கீழே எவ்வளவு தூரம் என்று இரண்டு எண்களை எடுத்தது. நீங்கள் தொட்ட இடம் எது என்று அதற்குத் தெரிந்தது அப்படித்தான்.

இதே இரண்டு எண்களைத்தான் ஸ்கூலில் கிராஃப் ஷீட்டில் குறித்தோம். குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. எக்ஸ் அச்சு, ஒய் அச்சு. நடுவில் பூஜ்யம். (3, 5) என்றால் வலது பக்கம் 3, மேலே 5. பாடப் புத்தகத்தில் இதற்கு கார்ட்டீசியன் தளம் என்று பெயர்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? கட்டிலில் படுத்திருந்த ஒருவர் கூரையில் நடந்த ஈயைப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார் என்று சொல்கிறார்களே, அது உண்மையா? அவர் வாழ்க்கையில் என்னதான் நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த டெகார்ட்?

ரெனே டெகார்ட் 1596-ஆம் ஆண்டு மார்ச் 31 அன்று பிரான்சில் பிறந்தார். ஊர் பெயர் லா ஹே. இன்று அந்த ஊரின் பெயரே டெகார்ட்தான். 1967-இல் அவர் நினைவாக அப்படி மாற்றிவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் ஐரோப்பிய அறிஞர்கள் லத்தீன் மொழியில்தான் எழுதுவார்கள். தங்கள் பெயரையும் லத்தீனில் மாற்றி வைத்துக்கொள்வார்கள். டெகார்ட்டின் லத்தீன் பெயர் கார்ட்டீசியஸ். அதிலிருந்து வந்ததுதான் கார்ட்டீசியன்.

அப்பா ஜோக்கிம், பிரித்தானி பகுதியின் நீதிமன்றத்தில் பதவி வகித்தவர். வசதியான குடும்பம். ஆனால் ரெனேவுக்கு ஒரு வயது முடிந்து சில வாரங்களே ஆன நிலையில், அம்மா ஜான் பிரோஷார் இறந்துபோனார். குழந்தையை வளர்த்தது பாட்டி.

சின்ன வயதிலிருந்தே உடம்பு சரியில்லாத பையன். பத்து வயது வாக்கில் லா ஃப்ளெஷ் என்ற ஊரில் இருந்த ஏசு சபையினரின் கல்லூரியில் சேர்த்தார்கள். அங்கே மற்ற மாணவர்கள் எல்லாம் விடியற்காலையில் எழ வேண்டும். ரெனேவுக்கு மட்டும் சலுகை. உடல்நிலையைக் காரணம் காட்டி, காலையில் தாமதமாக எழ அனுமதித்தார்கள்.

படுக்கையில் படுத்தபடியே யோசிக்கும் பழக்கம் அங்கேதான் தொடங்கியது. வாழ்நாள் முழுவதும் அதை அவர் விடவில்லை. இந்தப் பழக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஈ கதைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. அவருடைய முடிவுக்கும் தொடர்பு உண்டு.

சட்டம் படித்தவர் ராணுவத்துக்குப் போனது ஏன்?

1616-இல் புவாத்தியே பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் வாங்கினார். ஆனால் வக்கீலாக வேலை பார்க்கவில்லை. புத்தகங்களில் படித்தது போதும், உலகத்தைப் பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டார். 1618-இல் நெதர்லாந்து போய், நசாவ் இளவரசர் மோரிஸின் படையில் தன்னார்வலராகச் சேர்ந்தார். அப்போது அங்கே போர்நிறுத்தம் இருந்த காலம். சண்டை போட வேண்டிய வேலை இல்லை. நேரம் நிறைய இருந்தது.

அங்கே பிரெடா என்ற ஊரில் 1618 நவம்பர் மாதம் ஐசக் பேக்மன் என்ற டச்சுக்காரரைச் சந்தித்தார். பேக்மன், இயற்கையில் நடப்பதை எல்லாம் கணக்கு மூலம் விளக்க முடியும் என்று நம்பியவர். பொருள் எப்படி விழுகிறது, தண்ணீர் எப்படி அழுத்துகிறது, இசை ஏன் இனிமையாக இருக்கிறது என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். டெகார்ட் இசையைப் பற்றி ஒரு சிறு நூலை எழுதி பேக்மனுக்குப் பரிசாகக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 22.

தூங்கிக்கிடந்த ஆர்வத்தை எழுப்பிவிட்டவர் பேக்மன் என்று சொல்லலாம். பின்னாளில் இருவருக்கும் மனக்கசப்பு வந்தது, அது வேறு கதை.

ஒரே இரவில் மூன்று கனவுகள்

1619-இல் ஜெர்மனி பக்கம் போன டெகார்ட், குளிர்காலத்தில் ஓரிடத்தில் தங்க வேண்டியதாயிற்று. கணப்பு அடுப்பு இருந்த ஒரு சூடான அறை. பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. நாள் முழுக்க யோசனைதான்.

நவம்பர் 10 இரவு அவருக்கு அடுத்தடுத்து மூன்று கனவுகள் வந்தன. சூறைக்காற்று ஒன்றில் வந்தது, இடிச்சத்தம் ஒன்றில் வந்தது, புத்தகங்கள் ஒன்றில் வந்தன. தான் வாழ்நாளில் செய்ய வேண்டிய வேலையை இந்தக் கனவுகள் காட்டுகின்றன என்று அவர் எடுத்துக்கொண்டார். எல்லா அறிவையும் கணக்கைப் போல சந்தேகத்துக்கு இடமில்லாத அடித்தளத்தில் கட்ட வேண்டும் என்பதுதான் அந்த வேலை.

அதற்குப் பிறகு பல ஊர்கள் சுற்றினார். பாரிஸில் சில காலம் இருந்தார். 1628-ஐ ஒட்டி நெதர்லாந்தில் குடியேறினார். அடுத்த 20 ஆண்டுகள் பெரும்பாலும் அங்கேதான். ஆனால் ஒரே வீட்டில் இல்லை. அடிக்கடி வீடு மாறிக்கொண்டே இருந்தார். யாரும் வந்து தொந்தரவு செய்யக் கூடாது என்பது ஒரு காரணம்.

எழுதி முடித்த புத்தகத்தைப் பூட்டி வைத்தார்

இங்கேதான் அவர் வாழ்க்கையின் பெரிய திருப்பம்.

1633-இல் டெகார்ட் ஒரு நூலை ஏறக்குறைய முடித்துவிட்டார். உலகம் என்று அதற்குப் பெயர். ஒளி, கோள்கள், உலகம் எப்படி இயங்குகிறது என்று எல்லாம் அதில் இருந்தன. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதும் அதில் உள்ள கருத்து.

அச்சுக்குக் கொடுக்கத் தயாரான நேரத்தில் இத்தாலியிலிருந்து செய்தி வந்தது. பூமி சுற்றுகிறது என்று வாதாடியதற்காக கலிலியோவை ரோமில் விசாரித்து தண்டித்துவிட்டார்கள். அப்போது கலிலியோவுக்கு 69 வயது.

டெகார்ட் இருந்தது நெதர்லாந்தில். ரோமின் கை அவ்வளவு எளிதாக அங்கே எட்டாது. ஆனாலும் அவர் கத்தோலிக்கர், திருச்சபையோடு மோதல் வேண்டாம் என்று நினைத்தவர். பூமி சுற்றுகிறது என்ற பகுதியை மட்டும் வெட்டிவிட்டு வெளியிடலாமே என்று கேட்கலாம். முடியாது. அதை எடுத்தால் மீதி எல்லாம் சரிந்துவிடும் என்பது அவர் எண்ணம். அதனால் புத்தகத்தையே நிறுத்திவிட்டார். அவர் இறந்து 14 ஆண்டுகள் கழித்து, 1664-இல்தான் அது வெளியானது.

பல ஆண்டு உழைப்பு பெட்டிக்குள் போய்விட்டது. சரி, எதை வெளியே சொன்னால் ஆபத்து இல்லை? ஒளி விலகல், வானவில், வடிவியல். இவற்றை மட்டும் தனியாக எடுத்து எழுதலானார். அப்படி வந்ததுதான் நம்ம ஸ்கூல் கிராஃபின் முன்னோடி.

1637: பெயர் போடாத ஒரு புத்தகம்

1637-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஒரு நூல் அச்சானது. முறையைப் பற்றிய உரை என்பது அதன் சுருக்கமான பெயர். எழுதியவர் யார் என்று அட்டையில் இல்லை. லத்தீனிலும் இல்லை, பிரெஞ்சில் இருந்தது. லத்தீன் படிக்காதவர்களும் சொந்த புத்தியை வைத்துப் படிக்கட்டும் என்பது அவர் நோக்கம்.

அந்த நூலுக்குப் பின்னால் மூன்று கட்டுரைகளைச் சேர்த்திருந்தார். ஒன்று ஒளியியல், இரண்டாவது வானிலை சார்ந்தவை, மூன்றாவது வடிவியல். வடிவியல் பகுதி நூறு பக்கங்களைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான்.

வானிலைக் கட்டுரையில் வானவில் ஏன் குறிப்பிட்ட கோணத்தில் தெரிகிறது என்று கணக்கு போட்டுக் காட்டினார். ஏறக்குறைய 42 டிகிரி. அதுவே பெரிய சாதனைதான். ஆனால் கணிதத்தை மாற்றியது கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த வடிவியல் பகுதி.

அப்படி என்ன மாற்றினார்?

அதுவரை கணக்கில் இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று வடிவியல். கிரேக்கர்கள் கொடுத்தது. கோடு, வட்டம், முக்கோணம் வரைந்து நிரூபிப்பது. இன்னொன்று இயற்கணிதம், அதாவது அல்ஜீப்ரா. அரபு உலகம் வழியாக ஐரோப்பாவுக்கு வந்தது. தெரியாத எண்ணைச் சமன்பாடு போட்டுக் கண்டுபிடிப்பது.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர் இருந்தது. அது என்ன சுவர்?

ஒரு கோட்டின் நீளத்தை இன்னொரு கோட்டின் நீளத்தால் பெருக்கினால் என்ன வரும்? பரப்பளவு வரும். 3 அடி நீளம், 4 அடி அகலம் என்றால் 12 சதுர அடி. மூன்று நீளங்களைப் பெருக்கினால் கன அளவு, பெட்டி மாதிரி. சரி, நான்கு நீளங்களைப் பெருக்கினால்? அதற்கு உருவமே இல்லை. அதனால் நான்காம் அடுக்கு, ஐந்தாம் அடுக்கு எல்லாம் வடிவியலில் அர்த்தமில்லாதவை என்று பலர் நினைத்தார்கள். நீளத்தோடு பரப்பளவைக் கூட்டவும் முடியாது.

டெகார்ட் இந்தச் சுவரை ஒரு எளிய யோசனையால் இடித்தார். ஒரு கோட்டை 1 என்று வைத்துக்கொள்வோம் என்றார். பிறகு பெருக்கினாலும் விடை ஒரு கோடாகவே வரும்.

எப்படி? ஒரு புள்ளியிலிருந்து சாய்வாக இரண்டு கோடுகள் வரையுங்கள். முதல் கோட்டில் 1-ஐயும் 3-ஐயும் குறியுங்கள். இரண்டாவது கோட்டில் 4-ஐக் குறியுங்கள். முதல் கோட்டின் 1-ஐயும் இரண்டாவது கோட்டின் 4-ஐயும் இணையுங்கள். இப்போது முதல் கோட்டின் 3 வழியாக, இணைத்த கோட்டுக்கு இணையாக ஒரு கோடு போடுங்கள். அது இரண்டாவது கோட்டை எங்கே வெட்டும்? சரியாக 12-இல். வடிவொத்த முக்கோணங்கள் என்று படித்தோமே, அதேதான். 1-க்கு 4 என்றால் 3-க்கு 12.

பரப்பளவு இல்லை, வெறும் கோடு. இனி எத்தனை முறை பெருக்கினாலும் கோடுதான். எந்தச் சமன்பாட்டையும் படமாக்கலாம், எந்தப் படத்தையும் சமன்பாடாக்கலாம் என்ற வழி திறந்தது.

எழுத்துகளையும் அவர்தான் ஒழுங்குபடுத்தினார். தெரிந்த அளவுகளுக்கு ஆங்கில அகரவரிசையின் முதல் எழுத்துகளான ஏ, பி, சி. தெரியாத அளவுகளுக்குக் கடைசி எழுத்துகளான எக்ஸ், ஒய், இசட். எழுத்தின் தலைமேல் சின்னதாக 3 என்று போட்டு மும்மடி என்று காட்டுவதும் இந்த நூலால் பரவியதுதான். இன்று 'எக்ஸ் மதிப்பு காண்க' என்று கேள்வித்தாளில் வருவதற்கு இந்த நூல்தான் ஆரம்பம்.

படமும் சமன்பாடும் ஒன்றா? ஒரு சின்ன உதாரணம்

ஒய் = 2 × எக்ஸ் + 1 என்று ஒரு சமன்பாடு. எக்ஸ் 0 என்றால் ஒய் 1. எக்ஸ் 1 என்றால் ஒய் 3. எக்ஸ் 2 என்றால் ஒய் 5. இந்த (0, 1), (1, 3), (2, 5) மூன்றையும் கிராஃப் ஷீட்டில் குறித்துப் பாருங்கள். ஒரே நேர்கோட்டில் நிற்கும். அந்தச் சமன்பாடுதான் அந்தக் கோடு.

வட்டத்துக்கும் இதேதான். ஆதிப்புள்ளியை மையமாக வைத்து 5 அலகு ஆரம் உள்ள வட்டம் வரைந்தால், அதன் மேல் இருக்கும் எந்தப் புள்ளிக்கும் எக்ஸ் வர்க்கம் + ஒய் வர்க்கம் = 25. (3, 4)-ஐ எடுங்கள். 9 + 16 = 25. சரியாக வருகிறது. (4, 4)-ஐ எடுத்தால்? 16 + 16 = 32. அப்போ அது வட்டத்துக்கு வெளியே. படம் வரையாமலே சொல்லிவிட்டோம். இதுதான் டெகார்ட் கொடுத்த சாவி.

இதை வைத்து அவர் தீர்த்துக்காட்டியது சாதாரணக் கணக்கு இல்லை. அலெக்சாண்டிரியாவைச் சேர்ந்த பாப்பஸ் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு பதிவு செய்து வைத்த பழைய புதிர் அது. கொடுக்கப்பட்ட பல கோடுகளிலிருந்து ஒரு புள்ளி இருக்கும் தூரங்களுக்கு இடையே ஒரு விதி உண்டு என்றால், அந்தப் புள்ளி எந்தப் பாதையில் நகரும் என்பதே கேள்வி. 1631-இல் கோலியஸ் என்ற டச்சுப் பேராசிரியர் இதை டெகார்ட்டிடம் கொடுத்துப் பார்த்தார். சமன்பாடு மூலம் டெகார்ட் அதற்கு வழி கண்டார்.

ஸ்கூல் கிராஃபும் அவருடைய கிராஃபும் ஒன்றா?

இல்லை. பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். டெகார்ட்டின் அந்த நூலைத் திறந்தால், நாம் வரையும் எக்ஸ், ஒய் அச்சுகள் அதில் இருக்காது. செங்குத்தாக வெட்டும் இரண்டு அச்சுகள், நான்கு கால்பகுதிகள், கட்டம் போட்ட தாள் எதுவும் இல்லை. தேவைக்கு ஒரு கோட்டை அடிப்படையாக எடுத்துக்கொள்வார். இன்னொரு திசை அதற்குச் சாய்வாகவும் இருக்கலாம். குறை எண்களை, அதாவது மைனஸ் எண்களை, இடது பக்கம் குறிக்கும் வழக்கமும் அவரிடம் இல்லை.

மைனஸ் பக்கத்தையும் சேர்த்து நான்கு கால்பகுதிகளிலும் தாராளமாக வரைந்தவர் நியூட்டன். மூன்றாம் படி வளைவரைகளைப் பற்றி 1704-இல் வெளியான அவருடைய நூலில் இதைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் கோ-ஆர்டினேட் என்ற சொல் வழக்கத்துக்கு வரக் காரணம் ஜெர்மன் அறிஞர் லைப்னிட்ஸ். ஆகவே நம்ம கிராஃப் ஷீட் ஒருவர் ஒரே நாளில் கண்டுபிடித்தது இல்லை. பலர் கை பட்டு, பல பத்தாண்டுகளில் உருவானது.

அப்போ அந்த ஈ?

படுக்கையில் படுத்திருந்த டெகார்ட், கூரையில் ஓர் ஈ நடப்பதைப் பார்த்தாராம். அது இருக்கும் இடத்தை எப்படிச் சொல்வது என்று யோசித்தாராம். இரண்டு சுவர்களிலிருந்து எவ்வளவு தூரம் என்று சொன்னால் போதும் என்று தோன்றியதாம். இதுதான் வகுப்பறைகளில் சொல்லும் கதை.

அவர் எழுதிய எதிலும் இந்த ஈ இல்லை. அது நடந்தது என்பதற்கு ஆதாரமும் இல்லை. காலையில் எழாமல் படுத்தே யோசிக்கும் அவருடைய பழக்கம் ஊரறிந்தது என்பதால், கதை அதில் அழகாக ஒட்டிக்கொண்டது.

ஆனால் ஒன்று. கதை கட்டுக்கதையாக இருந்தாலும் பாடம் சரியானது. ஈ எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு எண் போதாது, இரண்டு வேண்டும். அந்த இரண்டையும் எந்த வரிசையில் சொல்கிறோம் என்பதும் முக்கியம். (3, 5) வேறு, (5, 3) வேறு. பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். முதலில் பக்கவாட்டு, பிறகு மேலே அல்லது கீழே. (-2, 4) என்றால் இடது பக்கம் 2, மேலே 4. அது இரண்டாம் கால்பகுதி. வலது மேல் பக்கம் முதல் கால்பகுதி. அங்கிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் எண்ண வேண்டும்.

உங்கள் மொபைலில் மட்டும் ஒரு சின்ன வித்தியாசம். அங்கே பெரும்பாலும் இடது மேல் மூலைதான் பூஜ்யம். ஒய் எண் கீழே போகப் போகக் கூடும்.

அதே நேரத்தில் இன்னொருவர்

டெகார்ட்டுக்கு மட்டும்தான் இந்த யோசனை வந்ததா? இல்லை. தெற்கு பிரான்சின் துலூஸ் நகரில் சட்டத்துறையில் இருந்த பியர் டி ஃபெர்மா, தனியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். இரண்டு அளவுகளைக் கொண்ட ஒரு சமன்பாடு ஒரு கோட்டையோ வளைவையோ தரும் என்று அவர் எழுதிய கையெழுத்துப் பிரதி, டெகார்ட்டின் நூல் வந்த காலத்திலேயே பாரிஸ் அறிஞர்கள் கைகளில் சுற்றியது.

ஆனால் ஃபெர்மா அதை அச்சில் கொண்டுவரவில்லை. அவர் 1665-இல் இறந்த பிறகு, 1679-இல்தான் அது அச்சானது. அச்சில் முதலில் வந்ததால் டெகார்ட்டின் பெயர் நிலைத்தது. வளைவரைக்குத் தொடுகோடு வரையும் முறை பற்றி 1638-இல் இருவருக்கும் கடுமையான வாக்குவாதமும் நடந்தது. டெகார்ட் எளிதில் விட்டுக்கொடுக்கும் ஆள் இல்லை.

ஐந்து வயதில் போன மகள்

டெகார்ட் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆம்ஸ்டர்டாமில் அவர் தங்கியிருந்த வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர் ஹெலெனா யான்ஸ். இருவருக்கும் 1635-இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் பிரான்சின்.

மகளை பிரான்சுக்கு அனுப்பிப் படிக்க வைக்க வேண்டும் என்று டெகார்ட் திட்டமிட்டிருந்தார். அது நடக்கவில்லை. 1640 செப்டம்பரில் செங்காய்ச்சல் வந்து பிரான்சின் இறந்துபோனாள். வயது ஐந்து. அடுத்த மாதமே டெகார்ட்டின் அப்பாவும் காலமானார்.

மகள் போன துக்கம்தான் அவர் வாழ்க்கையில் பட்ட பெரிய துக்கம் என்று அவருடைய ஆரம்பகால வரலாற்றாசிரியர் பையே எழுதியிருக்கிறார். அம்மா முகம் தெரியாமல் வளர்ந்தவர், மகள் வளர்வதையும் பார்க்க முடியாமல் போனவர்.

அடுத்த ஆண்டு, 1641-இல், தத்துவ உலகில் அவரை நிலைநிறுத்திய தியானங்கள் நூல் வெளியானது. எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுப் பார், ஆனால் சந்தேகப்படுகிற நீ இருக்கிறாய் என்பதை மட்டும் சந்தேகப்பட முடியாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். பழைய ஆசான்கள் சொன்னதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்பதும் இதற்குள் இருந்தது. எதிர்ப்பு வராமல் இருக்குமா? நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகம் அவருடைய தத்துவத்தைக் கண்டித்தது. ஒதுங்கி இருக்க நினைத்த மனிதரைச் சர்ச்சை தேடி வந்தது.

எல்லாமே அவர் சொன்னது சரி என்றும் இல்லை. விண்வெளியில் இருக்கும் சுழல்கள்தான் கோள்களைச் சுமந்து சுற்றுகின்றன என்று அவர் சொன்ன கொள்கையை, பின்னால் வந்த நியூட்டன் தவறு என்று காட்டிவிட்டார்.

விடியற்காலை 5 மணி பாடம்

1649-இல் சுவீடன் ராணி கிறிஸ்டினாவிடமிருந்து அழைப்பு வந்தது. ராணிக்கு அப்போது 22 வயது. படிப்பில் பெரிய ஆர்வம். ஸ்டாக்ஹோமுக்கு வந்து தத்துவம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டார். டெகார்ட் தயங்கினார். குளிர்நாடு, அரண்மனை வாழ்க்கை, இரண்டுமே அவருக்கு ஒத்துவராதவை. அழைத்துவர கப்பலே அனுப்பினார்கள். கடைசியில் கிளம்பினார். அக்டோபரில் ஸ்டாக்ஹோம் போய்ச் சேர்ந்தார். பிரெஞ்சுத் தூதர் ஷனூவின் வீட்டில் தங்கினார்.

ராணி பாடத்துக்குக் கொடுத்த நேரம் விடியற்காலை 5 மணி. சுவீடனின் ஜனவரி மாதக் குளிர். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். சின்ன வயதிலிருந்து காலையில் படுக்கையை விட்டு எழாதவர். அந்த இருட்டில், உறைபனியில், வண்டியேறி அரண்மனைக்குப் போனார். பாடமும் சில முறைதான் நடந்தது.

இதற்கிடையே தூதர் ஷனூவுக்கு நுரையீரல் அழற்சி வந்தது. நிமோனியா என்று சொல்கிறோமே, அது. ஷனூ பிழைத்துக்கொண்டார். பிப்ரவரி தொடக்கத்தில் டெகார்ட் படுத்தார். ரத்தத்தை வெளியேற்றும் அந்தக் கால சிகிச்சையை முதலில் வேண்டாம் என்றார். நோய் முற்றிய பிறகு ஒப்புக்கொண்டபோது காலம் கடந்துவிட்டது. 1650 பிப்ரவரி 11 அன்று காலமானார். வயது 53.

சுவீடன் புராட்டஸ்டன்ட் நாடு, டெகார்ட் கத்தோலிக்கர். அதனால் பெரிய தேவாலயத்தில் இடமில்லை. அனாதைக் குழந்தைகளைப் புதைக்கும் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். கலிலியோவுக்கு நேர்ந்ததைப் பார்த்து இவ்வளவு கவனமாக இருந்தாரே, பலன் இருந்ததா? அவர் இறந்து 13 ஆண்டுகள் கழித்து, 1663-இல், அவருடைய நூல்களைத் தடை செய்யப்பட்டவற்றின் பட்டியலில் ரோம் சேர்த்தது.

1666-இல் எலும்புகளைத் தோண்டி எடுத்து பிரான்சுக்கு அனுப்பினார்கள். கடைசியாக 1819-இல் பாரிஸின் சாங் ஜெர்மேன் தே ப்ரே தேவாலயத்தில் வைத்தார்கள். ஆனால் மண்டை ஓடு அதில் இல்லை. அவருடையது என்று கருதப்படும் மண்டை ஓடு சுவீடனில் பல கைகள் மாறி விற்பனைக்கு வந்தது. சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் 1821-இல் அதைப் பாரிஸுக்கு அனுப்பி வைத்தார். உடல் ஒரு இடத்தில், தலை வேறொரு இடத்தில். ஒரு புள்ளியின் இடத்தைத் துல்லியமாகச் சொல்ல வழிகாட்டியவருக்கு இப்படி ஒரு நிலை.

புரியாத புத்தகம் பாடமானது எப்படி?

டெகார்ட்டின் வடிவியல் நூல் படிக்க எளிதானது இல்லை. பல படிகளை அவர் வேண்டுமென்றே விட்டுவிட்டார். வாசகர்கள் தாங்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன் என்பது அவர் சொன்ன காரணம். அன்றைய கணித அறிஞர்களே திணறினார்கள்.

அதை மற்றவர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஒரு வாத்தியார். லைடனில் கணக்கு சொல்லிக்கொடுத்த பிரான்ஸ் வான் ஸ்கூட்டன். 1649-இல் நூலை லத்தீனில் மொழிபெயர்த்து, விட்டுப்போன படிகளுக்கு விளக்கமும் சேர்த்தார். பத்து ஆண்டுகள் கழித்து, தன் மாணவர்கள் எழுதிய விளக்கங்களையும் சேர்த்துப் பெரிய பதிப்பாகக் கொண்டுவந்தார். ஐரோப்பா படித்தது இந்தப் பதிப்பைத்தான்.

அந்தப் பதிப்பைப் படித்தவர்களில் ஒருவர், கேம்பிரிட்ஜில் இருந்த இளைஞர் ஐசக் நியூட்டன். இரண்டு மூன்று பக்கம் படிப்பாராம், புரியாமல் நின்றுவிடுவாராம். மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்குவாராம். இந்த முறை இன்னும் கொஞ்ச தூரம் போவாராம். இப்படியே முழுவதையும் முடித்தார் என்று நியூட்டனை அறிந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் படிப்பின் மேல்தான் அவர் பிறகு நுண்கணிதத்தைக் கட்டினார்.

இன்று அதே விஷயம் 13, 14 வயதுப் பிள்ளைகளின் பாடத்தில் இருக்கிறது. (3, 5)-க்கும் (5, 3)-க்கும் குழம்புகிற பிள்ளை வீட்டில் இருந்தால் திட்ட வேண்டாம். ஒரு கிராஃப் ஷீட்டை எடுத்துக் கொடுங்கள். வீட்டு வாசலை ஆதிப்புள்ளியாக வைத்து, கடை எங்கே, பஸ் ஸ்டாப் எங்கே, ஸ்கூல் எங்கே என்று இரண்டு இரண்டு எண்களாகக் குறிக்கச் சொல்லுங்கள். தப்பு வந்தால் வாசலிலிருந்து மறுபடி தொடங்கட்டும். நியூட்டனும் முதல் பக்கத்துக்குத் திரும்பித் திரும்பிப் போய்த்தான் படித்தார்.